பயிற்சிக் காலமும் ஊதியமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் பலரை நேரே வந்து தொடப்போகிற ஒன்று. கல்லூரிப் படிப்பை முடிக்கும் தறுவாயிலோ, முடித்தவுடனோ, ஓர் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ சில திங்கள் இருந்து வேலை பழகிக்கொள்ளுமாறு உங்களை அழைப்பார்கள். இதனை ‘இன்டர்ன்ஷிப்’ என்று வழங்குகின்றனர். நாம் பயிற்சிப் பணி என்று சொல்லலாம். அப்பணிக்கு ஊதியம் உண்டா என்று கேட்டால், “அனுபவம் கிடைக்கிறதே, அது போதாதா?” என்ற விடை பல இடங்களில் வருகிறது. அவ்விடை சரியானதுதானா? ஊதியம் பெறாமல் உழைக்கும் இளைஞர்க்கு விளைவது யாது? அவரைச் சுற்றியுள்ளோர்க்கு விளைவது யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

தூத்துக்குடி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன் நான். ஆதலின் எங்கள் கரையிலிருந்தே தொடங்குகிறேன்.

தூத்துக்குடிக்கு முத்தால் வந்த பெயர் பழையது. கடலடியில் முத்துச் சிப்பிகள் பெருகும் திட்டுகளை இங்கே ‘பார்’ என்பர். முத்துக்குளிப்பு நடைபெறுவதைச் ‘சலாபம்’ என்பர். 1955 முதல் 1961 வரை அரசின் மேற்பார்வையில் இங்கே சலாபம் நடைபெற்றது. அதன்பின் சிப்பி வளம் போதாமையால் அது நின்றுபோயிற்று. முத்துக்குளிப்பவர் ஒரு கல்லின் பாரத்தால் விரைந்து ஆழத்திற்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டு, கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் சேர்ப்பார். அவர் கயிற்றை அசைத்ததும், தோணியில் கயிறு பிடித்திருப்பவர் மேலே இழுப்பார். ஆங்கில ஆட்சிக் காலத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளிப்பவர்க்கும் என்பது வழக்கமாக இருந்தது. கயிறு பிடித்தவர்க்கும் அந்த ஒரு பங்கிலிருந்து ஒரு பகுதி சேரும். மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையில், குளிப்பவர் தாமே தம் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார், அவற்றுள் அரசுக்குரிய இரண்டு குவியல்களை அதிகாரி சுட்டிக்காட்டுவார், எஞ்சியது குளித்தவருடையது. எந்தக் குவியல் தமக்கு வரும் என்று அறியாமையால், மூன்றையும் ஒத்த அளவாகப் பிரிப்பதே அவர்க்கு நன்மை.

இந்தப் பங்கீடு நியாயமானதா என்பது தனியே ஆராய வேண்டிய கேள்வி. உயிரைப் பணயம் வைத்தவர்க்கு மூன்றில் ஒன்றுதானா என்று நீங்கள் கேட்கலாம். ஆயினும் இரண்டு செய்திகளை இங்கே கவனியுங்கள். தமக்குக் கிடைக்கக்கூடிய பங்கு இன்னது என்பது, நீரில் இறங்குமுன்பே குளிப்பவர்க்குத் தெரியும். அன்றைய உழைப்பின் பயன் அன்றே அவர் கைக்கு வந்துவிடும். இன்று பட்டம் பெற்ற இளைஞர் பலர் பயிற்சிப் பணியில் சேரும்போது, இவ்விரண்டில் ஒன்றேனும் அவர்களுக்கு உறுதியாக இருப்பதில்லை.

“முத்துக்குளிப்பவர் தொழில் கற்றவர், பயிற்சிக்கு வருபவர் கற்றுக்கொள்ள வருபவர், இருவரையும் ஒப்பிடலாமா?” என்று ஒருவர் வினவக்கூடும். நல்ல கேள்விதான். ஆகவே, முற்காலத்தில் தொழில் கற்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

தட்டார், தச்சர், கொல்லர் ஆகியோரிடம் தொழில் பழகச் சென்ற சிறுவன், பெரும்பாலும் தன் தந்தையிடமோ உறவினரிடமோ பழகினான். அவன் உண்டதும் உறங்கியதும் அந்த வீட்டிலேதான். எங்கள் ஊர்த் தோணிகளில் ஏறிய சிறுவர்களும் அவ்வாறே. முதலில் சமையலுக்கு உதவுவார்கள். பிறகு கயிறும் பாயும் பழகுவார்கள். திறமையுள்ளவர்கள் காலப்போக்கில் தோணியைச் செலுத்தும் தண்டலாக உயர்வார்கள். அக்காலமெல்லாம் அவர்களுக்குச் சோறு தோணியிலேதான். இங்கிலாந்தில் 1563-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, ஏழாண்டேனும் ஒருவரிடம் தொழில் பயின்றால்தான் அத்தொழிலை நடத்தலாம் என்று விதித்தது. சேரும்போது பெற்றோர் ஒரு தொகை கட்டுவதும் அங்கே பரவலாக இருந்தது. ஆனால் சேர்ந்தபின் உணவும் உடையும் உறைவிடமும் தொழில் கற்பிப்பவர் பொறுப்பு. இம்முறைகளில் கொடுமைகளும் இருந்தன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், கற்கும் காலத்தில் ஒருவன் எப்படி உயிர் வாழ்வான் என்ற கேள்விக்கு அவற்றில் ஒரு விடை இருந்தது. ஊதியமில்லாத இக்காலப் பயிற்சிப் பணியில் அக்கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு: பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுதந்தர இந்தியா இக்கேள்வியை எண்ணாமல் இருக்கவில்லை. 1961-இல் நாடாளுமன்றம் தொழில் பயிலுநர் சட்டத்தை இயற்றியது; 1962 மார்ச்சு முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பயிலுநரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து பதிவு செய்ய வேண்டும். மாதந்தோறும் உதவித்தொகை வழங்க வேண்டும். பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டு என்பன அதன் முதன்மையான கூறுகள். பயிலுநர் தொழிலாளர் அல்லர், கற்பவரே என்றும் அச்சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கற்பவரே என்று ஒப்புக்கொண்ட பின்பும் அவர்க்கு மாதத் தொகை தரவேண்டும் என்று விதித்ததே இதில் நாம் உற்றுநோக்க வேண்டிய இடம். 2019-இல் திருத்தப்பட்ட விதிகள், படிப்பின் தரத்திற்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்த அளவு உதவித்தொகையை வரையறுத்தன. 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்கள் பயிலுநரைச் சேர்த்தாக வேண்டும் என்றும் விதித்தன.

அப்படியானால் சிக்கல் எங்கே எழுகிறது? இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யாமல், ‘பயிற்சி’ என்ற பெயரால் மட்டும் ஆட்களைச் சேர்க்கும் இடங்களில் எழுகிறது. செய்தி ஊடகம், விளம்பரம், வடிவமைப்பு, சட்டம், கணினி, தொண்டு நிறுவனம் எனப் பல துறைகளில் இவ்வழக்கம் பரவியுள்ளது. இதனால் வரும் விளைவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் விளைவு, வாயிலிலேயே நிகழும் வடிகட்டல். தூத்துக்குடியிலிருந்து ஒரு மாணவி சென்னைக்குச் சென்று ஆறு மாதம் ஊதியமின்றிப் பயிற்சி பெறுவதாகக் கொள்வோம். விடுதி வாடகைக்கும் உணவுக்கும் பேருந்துக்குமாக மாதம் 9,000 ரூபாய் என்று சிக்கனமாகவே கணக்கிட்டாலும், ஆறு மாதத்திற்கு 54,000 ரூபாய் ஆகிறது. அவள் தந்தை உப்பளத் தொழிலாளியாயின் நிலை என்ன? மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அக்காலத்தைக் கடப்பதற்கென்று 2022-இல் தமிழக அரசு அறிவித்த நிவாரணத் தொகை, 5,000 ரூபாய். மூன்று மாதத்திற்கு அந்த ஐயாயிரத்தை எதிர்பார்த்திருக்கும் வீடு, ஐம்பத்து நாலாயிரத்தை எங்கிருந்து எடுக்கும்? நல்ல மதிப்பெண் பெற்ற என் மாணவர்கள் சிலர், பெருநகரில் கிடைத்த இத்தகைய இடத்தைக் கைவிட்டு, ஊரில் ஏதேனும் ஒரு கடையில் கணக்கெழுதச் சென்றதை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் விட்ட இடத்திற்குச் சென்றவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தேர்வு நடத்தியது தந்தையின் பணப்பை என்பதில் ஐயமில்லை. பின்னர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, “முன் அனுபவம் உண்டா?” என்று கேட்கிறார்கள். பணமில்லாமையால் இழந்தது அப்போது தகுதியில்லாமையாகத் தோற்றம் அளிக்கிறது.

இரண்டாவது விளைவு மற்றவர்மேல் விழுகிறது. ஓர் அலுவலகத்தில் தொடக்கநிலை எழுத்தர் ஒருவரைச் சம்பளத்திற்கு அமர்த்தி வந்தார்கள் என்று கொள்ளுங்கள். அவ்வேலையையே ஆறு மாதத்திற்கு ஒருவராக மாறிமாறி வரும் பயிற்சியாளர் இலவசமாகச் செய்துவிட்டால், அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. பயிற்சி முடிந்தால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு வந்தவரே, அந்த வேலை மறைவதற்குக் கருவியாகிவிடுகிறார். அவர்மேல் குற்றமில்லை, ஆனால் விளைவு அதுதான்.

மூன்றாவது விளைவு கல்வியைத் தாக்குகிறது. இதனை ஓர் ஆசிரியனாக நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊதியம் இல்லாவிட்டாலும் கல்வி கிடைக்கிறதே என்பார்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு மாறானது. ஒருவர்க்கு மாதந்தோறும் பணம் தருகிற நிறுவனம், அவரை விரைவில் பயனுள்ளவராக்க வேண்டும் என்று கருதும். தெரிந்தவர் ஒருவரை அவர் அருகில் இருத்தும். செய்த பிழையைத் திருத்தும். இலவசமாக வந்தவருடைய நேரம் வீணானால் நிறுவனத்திற்கு இழப்பு ஒன்றுமில்லை. ஆகவே தாள்களைப் படியெடுப்பதிலும், ஏவிய இடத்திற்கு ஓடுவதிலும் அவருடைய நாட்கள் கழிகின்றன. உதவித்தொகையைச் சிலர் கருணை என்று கருதுகின்றனர். உண்மையில், கற்பிப்பவர் கற்பிக்கிறாரா என்பதைக் காத்து நிற்பது அத்தொகையே.

நான்காவது விளைவு மனத்தில் நிகழ்வது. என் உழைப்பிற்கு விலை இல்லை என்று இருபத்திரண்டு வயதில் பழகிவிட்டவர், முப்பது வயதில் நியாயமான சம்பளம் கேட்கவும் கூச்சப்படுகிறார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமையால், மரியாதைக் குறைவு நேர்ந்தாலும் காயம் நேர்ந்தாலும் முறையிட இடம் அறியாமல் நிற்கிறார்.

‘பயிற்சி’ என்னும் சொல் எவ்வளவு தூரம் வளைக்கப்படலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1990-களிலும் 2000-களிலும் மேற்கு மாவட்ட நூற்பாலைகள் சில, ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் ஏழை இளம்பெண்களைப் பயிலுநராகச் சேர்த்தன. மூன்றாண்டு உழைத்தால் முடிவில் திருமணத்திற்கு உதவும் ஒரு தொகை தருவதாக வாக்களித்தன. இடையில் அவர்கள் பெற்றதோ மிகச் சிறிய நாள்தொகை. உடல்நலம் குன்றி நடுவில் வெளியேறிய பெண்கள் பலர் அந்த முடிவுத் தொகையை இழந்தனர். ஆலையில் சில வாரங்களில் கைவரக்கூடிய ஒரு வேலைக்கு மூன்றாண்டுப் பயிற்சி எதற்கு என்று கேட்டாலே உண்மை விளங்கிவிடும்.

எதிர்த்தரப்பில் சொல்லத்தக்கதும் உண்டு. எல்லாப் பயிற்சிக்கும் ஊதியம் கேட்பது பொருந்துமா? நாங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் சில வாரங்கள் பள்ளிகளில் கற்பித்துப் பழகினோம். யாரும் எங்களுக்குக் கூலி தரவில்லை. நாங்களும் அதனைக் குறையாக எண்ணவில்லை. ஏனெனில் வகுப்பின் பின்வரிசையில் ஓர் ஆசிரியர் அமர்ந்திருந்தார். எங்கள் பாடக்குறிப்பைத் திருத்தினார். கரும்பலகையில் எழுத்துச் சரிந்தால் சொன்னார். எங்களால் அப்பள்ளிக்குப் பயன் விளைந்ததைவிட இடையூறே மிகுதி. 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி இப்பயிற்சி இரண்டு ஆண்டுப் படிப்பில் 20 வாரமாக நீண்டுள்ளது. நீண்டது நன்றே. ஆனால் ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பள்ளியில், பயிற்சிக்கு வந்தவரிடம் ஒரு வகுப்பை முழுவதும் ஒப்படைத்துவிட்டால், அன்றே அது பயிற்சி என்னும் நிலையைக் கடந்து வேலையாகிவிடுகிறது. தலைமையாசிரியர் அறையில் இருந்தவன் என்ற முறையில், அவ்வாறு செய்யத் தூண்டும் நெருக்கடி எத்தகையது என்பதை நான் அறிவேன்.

ஆகவே, இதில் பெரும்பயன் பெறுபவர் யார் என்று கேட்பதே நல்ல அளவுகோல். 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, திரைப்படப் பயிற்சியாளர் தொடுத்த வழக்கில் இக்கேள்வியையே அளவுகோலாகக் கொண்டது. பிரான்சு நாட்டில் இரண்டு மாதத்திற்கு மேற்படும் பயிற்சிக்குத் தொகை தந்தாக வேண்டும். ஜெர்மனியில் 2015 முதல், படிப்பின் கட்டாயப் பகுதியாக அமையாத பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் குறைந்தபட்சக் கூலி உண்டு. சில நாட்களில் கற்பவர்க்கே பயன் மிகுதி. நாட்கள் நீள நீள நிறுவனத்தின் பயன் மிகுகிறது என்னும் எளிய உண்மையே இவ்விதிகளுக்கு அடிப்படை.

நம் நாட்டிலும் இவ்வுணர்வு வளர்ந்து வருகிறது. பயிற்சி மருத்துவர்க்கு உதவித்தொகை வழங்கவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணைய விதிகள் கூறுகின்றன. மூத்த வழக்குரைஞரிடம் இளையவர் ஊதியமின்றிப் பல ஆண்டு இருப்பது நீண்ட நாளைய வழக்கம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்குரைஞர்க்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் நகரங்களில் மாதம் 20,000 ரூபாய்க்கும், பிற ஊர்களில் 15,000 ரூபாய்க்கும் குறையாமல் உதவித்தொகை வழங்குமாறு சுற்றறிக்கை விடவேண்டும் என்று தமிழ்நாடு புதுச்சேரி வழக்குரைஞர் மன்றத்தைப் பணித்தது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய பிரதமர் பயிற்சிப் பணித் திட்டம், 21 முதல் 24 வயது வரையுள்ளோர்க்கு, பெரிய நிறுவனங்களில் பயிலும் ஓராண்டிற்கு மாதம் 5,000 ரூபாய் என்று வரையறுத்தது. தொகை சிறிதே. ஆயினும் ஊதியமின்றிப் பயிற்சி என்பதனை அரசு ஏற்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

எங்கள் துறைமுக நகரத்து இளைஞர்க்கு இதனினும் கடுமையான சோதனை ஒன்று உண்டு. கப்பல் அதிகாரியாக விரும்புபவர், படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் கப்பலில் பயிற்சி பெற்றால்தான் தகுதித் தேர்வு எழுத முடியும். அந்தக் கடற்பயிற்சி கிடைக்காமல் சான்றிதழோடு காத்திருப்பவர்களிடம், “இத்தனை இலட்சம் கொடு, கப்பலில் ஏற்றிவிடுகிறேன்” என்று பேரம் பேசும் தரகர்கள் வருகின்றனர். இங்கே ஊதியம் இல்லாமை மட்டுமன்றி, உழைப்பதற்கே விலை கேட்கும் நிலை வந்துவிடுகிறது. நிலத்தையும் நகையையும் அடகு வைத்தும், சேர வேண்டிய கப்பலைக் காணாத குடும்பங்கள் உண்டு. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. மருத்துவச் சான்று, கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு நீங்கலாக, வேலைக்கு அமர்த்துவதற்கென்று மாலுமியிடம் கட்டணம் பெறுதல் கூடாது என்பது அதன் விதி. ஆள் சேர்க்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வெளியிட்டு வருகிறது. அப்பட்டியலைப் பாராமல் எவரிடமும் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

இவ்வளவையும் கேட்டபின், “நாங்கள் இளையவர்கள், எங்களால் என்ன கேட்க முடியும்?” என்று நீங்கள் தயங்கலாம். 1908 பிப்ரவரி 27-இல் இதே தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வழக்குரைஞரான வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். சுமார் ஒன்பது நாட்களில் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. உங்களைப் போராட்டத்திற்கு அழைப்பதற்காக இதனைக் கூறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர் நிறைந்திருந்த அக்கூட்டம் ஒன்றுகூடி நின்று கேட்டதை, படித்த நீங்கள் மரியாதையோடு ஒரு கடிதத்திலாவது கேட்கலாம் அன்றோ?

எனவே, பயிற்சிப் பணி ஒன்று வந்தால் சேருமுன் சில செய்திகளைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அது எத்தனை வாரம்? எனக்குக் கற்பிக்கப்போகிறவர் யார்? நான் அங்கே இல்லாவிட்டால் அவ்வேலையைச் சம்பளத்திற்கு ஒருவர் செய்ய வேண்டியிருக்குமா? மாதத் தொகை எவ்வளவு, அது எழுத்தில் உண்டா? முடிவில் சான்றிதழில் என்ன எழுதித் தருவார்கள்? கல்லூரி விடுமுறையில் நான்கு வாரம், உள்ளூரில், உண்மையாகக் கற்பிக்கும் ஒருவரிடம் என்றால், தொகை இல்லாவிட்டாலும் சென்று வாருங்கள், பயன் உண்டு. ஆறு மாதம், வெளியூரில், முழுநாள் வேலை, தொகை இல்லை என்றால், அது உங்களைக் கற்பிப்பதற்காக ஏற்பட்டது அன்று என்று அறிந்துகொள்ளுங்கள். தொழில் பயிலுநர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற இடங்களை முதலில் தேடுங்கள். அரசின் இணையதளத்தில் அவற்றைக் காணலாம்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர்களை நிறுவனங்களுக்கு அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று இராமல், சென்று திரும்பியவர்களை அழைத்து, அங்கே என்ன கற்றார்கள், என்ன பெற்றார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்த நிறுவனம் கற்பிக்கிறது, எது வேலை மட்டும் வாங்குகிறது என்பது அக்குறிப்பேட்டிலேயே தெரிந்துவிடும். அடுத்து வரும் மாணவன் உப்பளத் தொழிலாளியின் மகனாயினும் வணிகரின் மகனாயினும், அதனைப் பார்த்துத் தன் வழியைத் தெரிந்துகொள்வான்.